திருவிழாவுக்கு முந்தின நாள் தீனி கிடையாது

நீயும் நானும் சேர்ந்து வைத்த ஆட்டுப் பட்டியின் கதவில் யாரோ ஓர் அகத்திக்கீரைக் கட்டைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். இன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். வெயிலில் லேசாக வாடி, அதன் பச்சை வாசனை வாசலெங்கும் நின்றது. ஆடுகள் எனக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டன. ஒன்றின் முதுகில் ஒன்று முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மரச்சட்டங்களின் இடுக்கில் மூக்கை நுழைத்து, அத்தனையும் கத்திக்கொண்டிருந்தன. கட்டை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து, சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். திருடிய பொருளை ஒளித்து வைப்பவன்போல் இருந்தது.

நீ இருந்திருந்தால் தெருவில் போய் நின்று, "எவடி அவ, ஏம் பட்டிக்கு எனக்குத் தெரியாம விருந்து வைக்கிறவ?" என்று கத்தியிருப்பாய். தெருவே சிரித்திருக்கும். கட்டியவளும் சிரித்துக்கொண்டே வந்து எடுத்துப் போயிருப்பாள். எனக்கு அது வராது. நான் கதவைச் சாத்துகிறவன்.

நாளை அந்தோணியார் திருவிழா. நீ இல்லாமல் வருகிற முதல் திருவிழா.

நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனம் ஓடும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய பழக்கம். வருடம் முழுக்க ஆளாளுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்கள் திருவிழாவன்று காலையில் கோயில் தோப்பில் அறுபடும். எல்லாக் கறியும் ஒரே சமையலாகும். திண்டுக்கல்லிலிருந்தும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தும் யார் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், பந்தியில் இடம் உண்டு. இலையில் விழுவது யார் வீட்டுக் கிடாய் என்று எவருக்கும் தெரியாது. அதுதான் அதன் அழகு என்று ஒவ்வொரு வருடமும் சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். எனக்கு அதுதான் பயம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சாகப்போகிற சீவன் வயிறு வாடிப் போகக்கூடாது என்று, முந்தின நாள் கிடாய்க்கு விருந்து வைப்பார்கள். சோறு, வாழைப்பழம், வெல்லம், ஊறவைத்த அரிசி. மாலை போட்டுத் தெருவில் கூட்டிப் போனால் வீட்டுக்கு வீடு ஒரு கை ஊட்டுவார்கள். கிடாயின் வயிறு தவில்போல உப்பிவிடும். மறுநாள் காலையில் அறுத்து உரிக்கும்போது கத்தி ஒரு நூல் அளவு தவறினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் கறியின்மேல் கொட்டிவிடும். ஆட்டின் குடலில் இருக்கும்வரை அந்தக் கழிவிலுள்ள கிருமிகள் பெரும்பாலும் ஆட்டை ஒன்றும் செய்வதில்லை. மனிதனின் வயிற்றுக்குள் போனால்தான் வேறு கதை. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அன்போடு ஊட்டுகிற கையைப் பார்த்து 'ஊட்டாதே' என்று சொல்ல எனக்கு எங்கே தைரியம்?

ஒரு வருடம் அது நடந்தேவிட்டது. திருவிழா முடிந்த மறுநாள் ஒரு வீட்டில் வாந்தி, பேதி என்றார்கள். அதற்கடுத்த நாள் எந்த வீட்டில் இல்லை என்று கேட்கும்படி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். உன் பேத்தி செல்வி அப்போது கைப்பிள்ளை மாதிரி. பந்தியில் கறிகூட அவள் சரியாகத் தின்னவில்லை. வெங்காயப் பச்சடியைத்தான் நக்கி நக்கித் தின்றாளாம். கறி வெட்டிய கட்டையிலேயே பச்சடிக்கு வெங்காயம் அரிந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. குழந்தைக்கு ரத்தமாகப் போனது. அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் உன் மனைவி ரோசாலியின் மடியில் கிடந்ததையும், ரோசாலி அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்திய இடத்தை ஊதிக்கொண்டே இருந்ததையும் நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வரவில்லை.

செல்வி பிழைத்தாள். எல்லாரும் பிழைத்தார்கள். பிழைத்ததும் ஊர் கூடிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் சமையல்காரரை நடுவில் நிறுத்தி ஆளாளுக்குக் கத்தினார்கள். கட்டையை ஏன் கழுவவில்லை, தண்ணீரை ஏன் மூடவில்லை என்று. அந்த மனிதர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். நீ எழுந்தாய். நான் பின்னாலிருந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அவர விடுங்கப்பா. கட்டையக் கழுவாதது அவரு தப்பு, அத அவரே ஒத்துக்கிட்டாரு. ஆனா அந்தக் கட்டைக்கு அம்புட்டு அசிங்கம் எங்கருந்து வந்துச்சு? நாம வளத்து அனுப்புனதுலருந்துதான வந்துச்சு?"

கோயில் கமிட்டி இன்னாசி குதித்து எழுந்தார். "அப்ப எவன் கெடான்னு நீயே சொல்லு பாப்போம்!"

"ஏங் கெடாவாக்கூட இருக்கும். மொத நாளு ஏம் பொண்டாட்டி ஒரு சட்டிச் சோத்தக் கொட்டுனா. அறுக்கையில குடல் ஒடஞ்சத ஏங் கண்ணால பாத்தேன். இன்னும் எத்தன ஒடஞ்சுச்சோ? எவன் கெடான்னு தெரியலைல்ல? அப்ப எல்லார் கெடாவுந்தான்."

உன்னை அடித்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். அடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நீ தோள்பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏலே வாத்தி, சாமி கோயில் வாசல்ல வச்சுச் சட்டையக் கிழிச்சுட்டியேடா" என்றாய். உண்மையாகவே தையல் விட்டிருந்தது.

அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. நேர்ந்துவிட்ட கிடாய்கள் எல்லாம் முந்தின நாள் காலையிலேயே நம் பட்டிக்கு வந்துவிட வேண்டும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பலகைப் பரண் நம்மிடம் மட்டும்தான் இருந்தது; புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும். வந்த ஆட்டை ஒவ்வொன்றாக நிறுத்தி வாலைத் தூக்கிப் பார்ப்போம். கழிச்சல் உண்டா, மூக்கு ஒழுகுகிறதா, உடம்பு சுடுகிறதா, சமீபத்தில் ஊசி மருந்து ஏதாவது போட்டார்களா? தொடையில் சாணம் ஒட்டிக் காய்ந்திருந்தால் அந்த மயிரைக் கத்தரித்துவிடுவோம். மதியத்துக்கு மேல் தண்ணீர் மட்டும். ஒரு தழை கிடையாது.

"நீ பயந்து பயந்து ஒன்னொன்னாப் பாரு. எவனாச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாய். என் பயத்துக்கு வாழ்க்கையில் ஒருவன் வேலை போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் என் அம்மா அதைக் கண்டித்தாள். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். நீதான் அந்தப் பயத்தை உட்காரச் சொல்லி, ஆட்டை அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாய்.

பசித்த ஆடு எவ்வளவு கத்தும் என்று அந்த முதல் வருடம்தான் ஊருக்குத் தெரிந்தது. மேலத்தெருக் கிழவி ஒருத்தி வேலிக்கு வெளியே நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "வாயில்லாச் சீவனச் சாகுற அன்னைக்குப் பட்டினி போடுறியே, நீ நல்லா இருப்பியா?"

"நல்லா இல்லாமப் போனா எம்பேருல ஒரு கெடா நேந்துக்க ஆத்தா. அதையும் பட்டினி போட்டே அனுப்புறேன்" என்றாய் நீ.

கிழவி சிரித்துவிட்டாள். அப்போது நானும் சிரித்தேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ரோசாலி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே வேண்டினாள். "அந்தோணியாரே, இவர எந்திரிச்சு நடக்க வச்சுரு. ஒரு கெடா விடுறேன்." நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். மறுநாள் ஆபரேசன், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது என்று எழுதி மாட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "என்னையும்ல பட்டினி போட்டுட்டாங்க வாத்தி. எந்தத் திருவிழாவுக்குடா?" என்றாய். நர்ஸ் பெண் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வேடிக்கை அது. ஆபரேசனுக்குப் பிறகு நீ கண் விழிக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். பட்டினி போட்டவன் பட்டினியாகவே போனான் என்று. என் காதுபடவே சொன்னார்கள். நான் தாவரவியல் படித்தவன். பாக்டீரியாவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியவன். அது மூடப் பேச்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தப் பேச்சு என் தட்டுக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? ஒருவேளை நாம் செய்தது பாவம்தான் என்றால்? உன்னிடம் கேட்க முடியாத கேள்வி இது. நீ இருந்தபோது எனக்குத் தோன்றவும் இல்லை.

இந்த வருடம் ஏற்பாடு வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இன்று காலை விடிந்ததும் ஆடுகள் வர ஆரம்பித்துவிட்டன. யாரும் என்னைக் கேட்கவில்லை; கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் வாலைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. மதியத்தோடு முடிந்தது என்று தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். அப்போதும் ரோசாலி வரவில்லை. வராமல் இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு மூலையில் நினைத்ததையும் உன்னிடம் மறைக்க முடியாது. நீ பிழைக்கவில்லையே, நேர்ச்சையும் இல்லை என்றுதானே ஆகும்?

அகத்திக் கட்டை ஒளித்துவிட்டுத் திரும்பினால், தெருமுனையில் அவள் வருகிறாள். கிடாயின் கழுத்தில் சம்பங்கி மாலை. கூட இன்னாசி.

"கொஞ்சம் தாமசமாப் போச்சுண்ணே. அவரு பேருக்கு விட்ட கெடான்னு தெருவே நிப்பாட்டிருச்சு. வீட்டுக்கு வீடு ஊட்டுனாங்க. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவருக்கே ஊட்டுற மாதிரி ஊட்டுனாங்க."

குட்டியிலிருந்து அவள் கையில் வளர்ந்த கிடாய். கறுப்பில் வெள்ளைச் சுட்டி. என் கையை மோந்து பார்த்தது. வயிற்றின் இடப்பக்கம் உப்பியிருந்தது. வாலைத் தூக்கினேன். வால் நனைந்திருந்தது. தொடை இரண்டிலும் பச்சையாக வழிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கழிந்தது.

நான் நிமிராமல் அப்படியே குனிந்து நின்றேன். நிமிர்ந்தால் பேச வேண்டும்.

இன்னாசிதான் பேசினார். "சார், சோறு கொஞ்சம் அதிகமாப் போச்சு, அம்புட்டுத்தான். தொடச்சு விட்டுருங்க. இத்தன கெடாவுல இது ஒன்னு. அண்டாவுல எங்க தெரியப் போகுது?"

அண்டாவில் தெரியாது. அதுதானே என் பயமே. செல்வியின் இலையிலும் தெரியவில்லை.

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். வெறும் சோற்றுக் கழிச்சலாகவே இருக்கலாம். இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடலாம். கொதிக்கிற குழம்பில் எதுவும் பிழைக்காது என்றும் சொல்லலாம். ஆனால் குழம்புக்குப் போகும் முன் அந்தக் கறி எத்தனை கைகளில், எத்தனை கத்திகளில் பட்டுப் போகும்? நான் என்ன டாக்டரா, பார்த்த உடனே சொல்ல? எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்றால் அனுப்பலாமா, கூடாதா? நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். எனக்கு அது எப்போதும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நிமிடத்தில் தெரியவில்லை. அவள் மனைவி; நான் நண்பன்தானே.

"வேணாம் தங்கச்சி" என்றேன். மெல்ல நிமிர்ந்தேன். "இத நாளைக்கு அனுப்ப வேணாம். உடம்பு சரியில்லாத ஆடு."

அவள் என்னையே பார்த்தாள். "என்னண்ணே சொல்றீங்க? இது யாருக்கு விட்ட கெடான்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அவரத் திருப்பிக் குடுன்னு சாமிகிட்ட கேட்டேன். குடுக்கல. இருந்தும் நான் விடுறேன்னு சொன்னத விடுறேன். சாமி வாக்க மாத்துச்சு, நான் மாத்தல. இப்ப நீங்க மாத்தச் சொல்றீங்க."

"அடுத்த வருசம்..."

"அடுத்த வருசம் நான் இருப்பேனான்னு யாரு கண்டா? அவரு இருந்திருந்தா இப்பிடிச் சொல்ல மாட்டாருண்ணே."

இன்னாசி என் தோளைத் தொட்டு, "சார், பாவம் சார், பொம்பளப் பிள்ளை" என்றார். நான் கிடாயின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். ஆமாம் என்று அல்ல. இல்லை என்று. அதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துவிட்டது. எழுபது தாண்டிய கிழவன், தெருவில், ஒரு பெண்ணுக்கு முன்னால்.

ரோசாலி கயிற்றைக் கீழே போட்டாள். "சாமிக்கு விட்டத வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போகக் கூடாது. நீங்களே வச்சுக்கங்க. சாமி கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க." மாலையை மட்டும் கழற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். இன்னாசி ஏதோ முனகிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

கிடாயை மற்ற ஆடுகளிடமிருந்து தள்ளி, கிணற்றடிக் கொட்டகையில் கட்டினேன். வெல்லமும் உப்பும் கரைத்த தண்ணீர் வைத்தேன். கொஞ்சம் காய்ந்த கடலைக்கொடி போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணில் ஏதோ இருப்பதுபோல் இருந்தது, திரும்பவும் கழுவினேன். அப்புறம் பட்டியில் இருக்கும் மற்ற ஆடுகளைப் பார்க்கப் போனேன். காலையில் பார்த்தவை சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பிடித்து வாலைத் தூக்கினேன். பசியில் என் சட்டை நுனியை ஒரு குட்டிக் கிடாய் கடித்து இழுத்தது. விடுவித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. சற்று நேரம் கடிக்க விட்டேன்.

இப்போது நான் வளர்க்கிற, விற்கிற எல்லாவற்றிலும் இதே கேள்விதான் எனக்கு: தெரியவில்லை என்றால் அனுப்பலாமா? அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றும் அன்றும், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கோழி கேட்கும்போதும். வாங்குகிறவர் விலையைக் கேட்பார், எடையைக் கேட்பார். அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டவர் இதுவரை இல்லை. கேட்காதவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வீட்டில் யார் யார் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை இருக்கலாம். உன்னைப்போல் வேடிக்கை பேசுகிற நோயாளி இருக்கலாம். நீ விட்டுப் போனதில் என்னோடு இருப்பது இந்தப் பதில் சொல்லும் வேலைதான். உன் சத்தம் எனக்கு வரவில்லை. வராமலே செய்துகொண்டிருக்கிறேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வெளிக்கதவு சத்தம் கேட்டது. ரோசாலி. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் உள்ளே வரவில்லை. கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கிடாய் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் அழுதிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது. கதவைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்குச் செல்வி வாராண்ணே, பழனியிலருந்து. பந்தியில உக்காரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அன்னைக்கி ஆனதுலருந்து நான் அவளத் திருவிழாச் சோத்துப் பக்கம் விட்டதே இல்ல. உங்களுக்குத் தெரியும்ல. உக்கார வைக்கலாமா? பயமில்லையே?"

பயமில்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? சமையல் கட்டை, தண்ணீர்த் தொட்டி, நாளை அறுக்கப் போகிறவரின் கை, காலையில் நான் கவனிக்காமல் விட்ட ஏதோ ஓர் ஆடு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன்னால் வந்தன. விடியற்காலையில் எழுந்து, தோப்புக்குப் போய், அறுப்பு முடிகிறவரை, பரிமாறி முடிகிறவரை நான் அங்கேயே நின்றாக வேண்டும் என்று அப்போதுதான் முடிவானது. இதுவரை நீதான் போய் நிற்பாய்.

"உக்கார வை தங்கச்சி" என்றேன். "பயத்த நான் பாத்துக்கிறேன்."